நங்கைக்குப் பதில் ஒரு தேக்குத் தூண்

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு முன்மண்டபம் கட்ட வேண்டும் என்று சபையார் முடிவு செய்து, கல்தச்சர்களைக் கூட்டிவர என்னைக் காரைக்குடிக்கு அனுப்பினார்கள். போனேன். கல்தச்சர் இல்லாமல் திரும்பி வந்தேன். யாழ்ப்பாணத்தில் திரும்பக் கால் வைத்த நாளிலிருந்து ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து நிறுத்தி ஏன் என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். அதனால் எழுதிவிடுகிறேன். திட்டுகிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டட்டும்.

கடலில் பட்ட பாட்டையும் ரயிலில் பட்ட பாட்டையும் விட்டுவிடுகிறேன். அது எல்லோரும் படுகிற பாடுதான். மார்கழி மாதத்து விடிகாலையில் காரைக்குடி ஸ்டேஷனில் இறங்கிக் காப்பி கேட்டேன். என் பேச்சைக் கேட்ட கடைக்காரர், "கொழும்புலேருந்து வாரீகளா?" என்றார்.

"இல்லை, யாழ்ப்பாணம்."

"அதான், கொழும்பு" என்று முடித்துவிட்டார். போன இடமெல்லாம் இதே கதை. இரண்டாம் நாளிலிருந்து நானும் கொழும்புக்காரனாகவே இருந்துவிட்டேன். காப்பியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் அப்படி ஒரு காப்பி கிடைத்தால் நான் தேத்தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவேன்.

நான் போக வேண்டிய கிராமம் கோவிலூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பஸ் பாதி வழியில் கொதித்து நின்றது. டிரைவர் ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரத்து ஊருணிக்கு ஓடினார். செருப்புக் காலோடு படியில் இறங்கியதுதான் தாமதம், தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஆரம்பித்தாள். "ஏய், குடிக்கிற தண்ணிடா இது! செருப்போட எறங்குறியே, கண்ணு அவிஞ்சா போச்சு? மேல ஏறு மொதல்ல!" டிரைவர் பூனை மாதிரி மேலே ஏறிவிட்டார். அவளே தகரத்தில் மொண்டு நீட்டினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் பக்கம்தான். வீட்டுக்கு வீடு கிணறு வைத்திருக்கிற எங்களுக்கு இது புதிது. தண்ணீரை இப்படிக் காவல் காக்கிற சீமையில் தண்ணீர் விஷயத்தில் தப்பு நடக்காது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நான் அப்பாவி.

கிராமத்தில் சிவன் கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறவர் ஒரு செட்டியார். அவருக்கும் பெயர் வேண்டாம். ரங்கூனில் தொழில் செய்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் அவரிடம் வேலை செய்யும் கல்தச்சர்கள் என்னோடு கப்பல் ஏறுவார்கள். அதனால் அவர் வீட்டில் தங்கினேன். அந்த வீட்டின் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வந்தால் அடுத்த தெருவில் நிற்கலாம். எங்கள் ஊரில் ஒரு சாண் வேலி தள்ளி அடைத்தாய் என்று அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறார்கள். இவர் வீட்டு வளவுக்குள் அந்த அண்ணன் தம்பி இரண்டு பேரையும் குடும்பத்தோடு குடியமர்த்தலாம்.

மனிதர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் எனக்கு நிதானம் இருக்காது. வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் மனைவி ஆச்சி பரிமாறிய காலைப் பலகாரத்தைச் சொன்னால் இங்கே என் வீட்டில் சண்டை வரும். வெள்ளைப் பணியாரம், தொட்டுக்கொள்ளக் காரமான ஒரு துவையல், இடியாப்பம், கத்தரிக்காயை அவித்துப் பிசைந்த கோசுமல்லி, கடைசியில் கவுனி அரிசியில் இனிப்பு. "வைக்கட்டுமா?" என்று ஆச்சி கேட்பதே இல்லை. வைத்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்.

மறுநாள் கோயிலுக்குப் போனோம். கல்தச்சர்களின் பட்டறையில் காது செவிடாகும்படி உளிச் சத்தம். தலைமை ஆசாரி ஒல்லியான மனிதர், வெற்றிலை போட்ட வாய், பேச்சு குறைவு. நம் மண்டபத்துக்கு எத்தனை ஆட்கள், எத்தனை மாதம் வேண்டும் என்று அவரிடம் சொல்லிவைத்தேன்; செட்டியாரும் தலையசைத்தார். புதுக் கற்கள் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. உள்ளே, சன்னிதிக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய மேடையில், கறுத்துத் தேய்ந்த ஒரு பழைய கல்தூண் தனியாக நின்றது. சந்தனம் பூசி, மாலை போட்டு, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்க எழுத்து.

"இந்தக் கல்லோட வயசு ஆயிரத்துக்கு மேலங்கிறாக" என்றார் செட்டியார். "எங்க கண்மாய்க்குள்ள சேத்துல நின்னுச்சு. யாரும் சீண்டலை. மதுரையிலேருந்து ஒரு புலவர் வந்தாக, தாளை ஒட்டி மையைத் தடவிப் படி எடுத்தாக. என்ன எழுதியிருக்குன்னு நெனைக்கிறீக? இந்தக் கண்மாய்க்கு மடை வச்சது ராசா இல்லை. மந்திரி இல்லை. ஒரு பொம்பளை! சேந்தன் மக நங்கைன்னு பேரு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கிரேக்க ராசாவின் குதிரைக்கு என்ன பெயர் என்பது வரைக்கும் உருப்போட வைத்தார்கள். பெயரை மறந்ததற்காக நான் பிரம்படி வாங்கியிருக்கிறேன். யாரோ ஒரு குதிரை. இங்கே ஒருத்தி, தகப்பன் பெயரையும் தன் பெயரையும் தவிர வேறொன்றும் சொல்லிக்கொள்ளாதவள், ஒரு மடையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் வைத்த மடைத் தண்ணீரில் விளைந்ததை அந்த ஊர் தலைமுறை தலைமுறையாகத் தின்றிருக்கிறது. ராசாக்கள் வந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், அவர்களும் அந்தச் சோற்றைத்தான் தின்றிருப்பார்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் அவளுக்கு ஒரு வரி கிடையாது. நான் அந்தக் கல்லைக் கையெடுத்துக் கும்பிட்டேன். செட்டியார் கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார்.

பிறகுதான் கேட்டேன். "கண்மாயில இது நிண்ட இடத்தில இப்ப என்ன நிக்குது?"

"சும்மா விடுவனா? நம்ம வீட்டுக்குக் கொண்டாந்ததுலயே மொதல் தரம், பர்மாத் தேக்கு. எழைச்சுக் கண்ணாடி மாதிரி ஆக்கி நட்டுருக்கேன். தண்ணிக்குள்ள நூறு வருஷம் நின்னாலும் உளுக்காது."

கண்மாய் என்கிற அவர்கள் ஊர்ப் பாசனக் குளத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனிதர், கல்லை எடுத்த இடத்தில் நல்ல மரமாகத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வேடிக்கை பார்க்கும் ஆசையில் சாயங்காலம் தனியாகக் கரைக்கு நடந்தேன்.

கண்மாய் நிறைந்து கிடந்தது. கரைக்குச் சற்று உள்ளே, தண்ணீருக்கு மேல் இரண்டு தூண் தலைகள் தெரிந்தன. ஒன்று கல், மற்றது தேக்கு. கரையில் ஒரு ஆளும் அவர் மனைவியும் நின்று தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆள் சாத்தையா, மடை திறக்கிறவர். அவருடைய தகப்பனும் பாட்டனும் அதே வேலை. மனைவி ராக்கு. நான் கொழும்பு என்று சொல்லிக்கொண்டேன்.

சாத்தையா விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இரண்டு தூணுக்கும் நடுவே, அடியாழத்தில், ஒரு கற்குழி. அதன் வாயில் அம்மிக் குழவி மாதிரி ஒரு கல் அடைப்பு. நெல் பால் பிடிக்கிற சமயத்தில் ஒரு ஆள் தூணைப் பிடித்தபடி கீழே இறங்கி, தூணில் காலை ஊன்றி, மூச்சடக்கி அந்த அடைப்பைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதும் தண்ணீர் குழிக்குள் பாய்ந்து, கரைக்கு அடியாக வயலுக்குப் போகும். அதே பாய்ச்சல் ஆளையும் இழுக்கும். கால் ஊன்றி நின்றால் மேலே வரலாம். வழுக்கினால் குழி வாயில் சிக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"காலை எதில ஊண்டுவீங்கள்?" என்று கேட்டேன்.

"எழுத்துலதான்யா" என்றார் சாத்தையா. "எனக்குப் படிக்கத் தெரியாது. மேலேருந்து எறங்கையில வலக்கால் பெருவெரலுக்கு ஒரு குழி, அதுக்குக் கீழ இடக்காலுக்கு ஒண்ணு. எங்கப்பன் சொல்லிக் குடுத்தது. ஆத்தா கல்லுன்னு சொல்லுவோம். பாசி புடிச்சாலும் அந்தக் குழி கால விடாது. அந்தப் பக்கத்துக் கல்லு மொழுக்குன்னு இருக்கும், அதுல குழி கெடையாது. இப்ப ஆத்தா கல்லு எடத்துல தேக்க நட்டுருக்காக. பொழுது விடிஞ்சா பாசி. தொட்டா வெலாங்கு மாதிரி நழுவுது."

அந்த எழுத்து காலால் மிதிபட்டுத் தேய்ந்திருக்கிறது, மூடர்களுக்கு அருமை தெரியவில்லை என்று புலவர் வருத்தப்பட்டதாகச் செட்டியார் சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் புலவரைப் பிடித்து அந்தத் தேக்குத் தூணில் கட்டி வைக்க வேண்டும் போலிருந்தது.

"கல்லை எடுக்கேக்க சொல்லியிருக்கலாமே?" என்றேன். ராக்குவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சொல்லாம இருப்போமாய்யா? ஆடியில தண்ணி வத்துனப்ப மாட்டக் கட்டி இழுத்தாக. அன்னைக்கே இவுக கோயில் வாசலுக்கு ஓடுனாக. உள்ள போக நமக்கு ஏது பாத்தியதை? வெளியிலேயே நின்னு கணக்கப்பிள்ளைட்ட சொன்னாக. அவரு உள்ள போயி என்னத்தச் சொன்னாரோ, மறுநா ஒரு வேட்டியும் ரெண்டு தேங்காயும் வந்துச்சு!"

கல் எடுத்ததற்கு இந்த ஆள் வெகுமானம் எதிர்பார்க்கிறான் என்றுதான் கணக்கப்பிள்ளை சொல்லியிருக்க வேண்டும். கல்லை வாசலுக்கு உள்ளே வைத்துவிட்டார்கள், அதைக் காலால் அறிந்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள், நடுவில் ஒரு கணக்கப்பிள்ளை. எங்கள் ஊர்க் கோயில் மட்டும் என்ன ஒழுங்கு? அங்கேயும் பாதி ஊர் வெளியேதான் நிற்கிறது. அதை நினைக்க இன்னும் எரிந்தது.

"எப்ப திறக்க வேணும்?"

"நாளை மறுநா" என்றார் சாத்தையா. "பயிரு தாங்காதுய்யா."

இரவுச் சாப்பாட்டில் நான் இலையைத் தொடவில்லை. செட்டியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கல்தச்சர் கிடைக்காமல் போகும் என்று தெரிந்தேதான் கொட்டினேன். "ஆரும் கவனிக்காத காலத்தில அந்த மனுசி பாட்டுக்குத் தன்ரை வேலையைச் செய்துகொண்டு நிண்டாள். நீங்கள் கண்டுபிடிச்சீங்கள், உடனே வேலையிலிருந்து நிப்பாட்டிப் போட்டீங்கள்!"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன திருடிட்டா வந்தேன்? சேத்துல கெடந்தவுகளச் சாமிக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். எம் பேரக்கூட அதுல வெட்டலை. இத ஒரு குத்தம்னு சொல்றீகளே!"

ஆச்சி மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தேக்கப் புடிச்சுக்கிட்டு நீங்க எறங்குவீகளா?" என்று கணவரைக் கேட்டார். செட்டியார் இலையை மடித்தார். "அவனுக்குப் பழக்கம். எறங்கிருவான்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். பழக்கமாம்! கல்லில் பழகினவனுக்கு மரத்திலும் பழக்கம் வந்துவிடுமாம்!

அடுத்த நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் கரைக்கும் பட்டறைக்குமாக அலைந்தேன். திறப்பதைத் தள்ளிப்போடலாமா என்று சாத்தையாவைக் கேட்டேன். வயல்காரர்கள் நான்கு பேர் அங்கேயே நின்றார்கள். அதில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நெல்லு பாலு புடிக்கிற நேரம். ஒங்க ஊருல நெல்லு தள்ளிப்போட்டா காத்திருக்குமா?" என்றார். ஆசாரியிடம் போய்க் கல்லை ஒரு நாள் இரவல் கொடுக்க முடியுமா என்று பைத்தியக்காரன் மாதிரி கேட்டேன். தண்ணீர் நிறைந்த கண்மாயில் தூண் நட முடியாது, கோடையில்தான் முடியும் என்றார். என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

திறக்கிற அன்று காலையில் பனி கண்ணை மறைத்தது. ஊரே கரையில். செட்டியாரும் காரில் வந்து இறங்கி, சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றார். சாத்தையா உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசியிருந்தார், உள்ளங்கால்களை மட்டும் மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டார். நீந்திப் போய்த் தூணைத் தொட்டு, "ஆத்தா" என்றார். தேக்கைத் தொட்டுத்தான் சொன்னார்.

முதல் தடவை இறங்கி வெறுங்கையோடு மேலே வந்தார். இருமினார். இரண்டாம் தடவை இறங்கினார். ராக்கு கழுத்தளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். எனக்கு மூச்சு முட்டியது, நான் கரையில்தான் நின்றேன். அப்போது கரைக்கு மறுபுறம் வாய்க்காலில் குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. "தொறந்துட்டான்!" என்று வயல்காரர்கள் கத்தினார்கள். தண்ணீர் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. ராக்கு வீறிட்டுக்கொண்டு நீந்தினாள். வயல்காரர்களில் இரண்டு பேர் குதித்தார்கள். தேக்குத் தூணுக்கும், இரண்டு தூணையும் அடியில் இணைக்கிற குறுக்குக் கல்லுக்கும் நடுவே கால் சிக்கிக் கிடந்தவரை அவர்கள் மூன்று பேருமாகப் பிடுங்கி எடுத்துக் கரையில் போட்டார்கள். தண்ணீரைக் கக்கினார். கண்ணைத் திறந்தார். வலக்கால் கணுவுக்குக் கீழே பின்னோக்கித் திரும்பியிருந்தது.

செட்டியார் ஓடி வந்தார். தன் சால்வையை எடுத்துச் சாத்தையாமேல் போர்த்தினார். தன் காரிலேயே வைத்தியரிடம் அனுப்புவதாகச் சொன்னார். உயிரைப் பணயம் வைத்து ஊரைக் காப்பாற்றியவன் பெயரைச் சலவைக் கல்லில் வெட்டி, நங்கை கல்லுக்குப் பக்கத்திலேயே கோயிலுக்குள் பதிப்பேன் என்றார்.

ராக்கு நிமிர்ந்தாள். ஈரம் சொட்டிக்கொண்டு நின்றாள். "நாங்க உள்ள வந்து பாக்கவா போறோம்? பேரு வேணாம்யா. கல்லக் குடுங்க."

"கல்லக் கேக்காத ஆத்தா" என்றார் செட்டியார். கெஞ்சுகிற குரல்தான். "சன்னிதியில வச்சு அபிஷேகம் பண்ணின கல்லு. அதத் திருப்பித் தண்ணிக்குள்ள நட்டு, அதுமேல எப்படிக் கால வைக்க விடுவேன்? பாவமில்லையா?"

"இத்தன காலமும் எங்க காலத் தாங்குனவதானய்யா அவ!"

செட்டியார், "புதுக் கல்லு எத்தன வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியைச் சாத்தையாவுக்கு விட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனார். புதுக் கல்லை அள்ளிக் கொடுப்பார், பழைய கல்லைக் கொடுக்க மாட்டார். பக்தியாம்! ஒரு மனிதனின் கால் ஒடிந்து கிடக்கிறது, இவருக்குக் கல்மேல் கால் பட்டால் பாவமாம்! நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பனியில் அவர் காதில் விழுந்ததோ இல்லையோ.

அன்று மத்தியானம் ஆசாரியிடம் போய், நம் மண்டபத்துக்கு நான் கேட்ட ஆட்களும் மாதங்களும் வேண்டாம், அந்த நாட்களில் செட்டியார் எடுத்துக்கொள்ளச் சொன்ன புதுக் கல்லில் கண்மாய்க்கு ஒரு தூண் செய்யுங்கள், கோடையில் தேக்கைப் பிடுங்கிவிட்டு நடுங்கள் என்றேன். சபையாரே, இதுதான் நான் வெறுங்கையோடு வந்த காரணம். பிள்ளையார் இன்னொரு வருஷம் வெயிலில் நிற்பார். அவருக்குப் பழக்கம்.

ஆசாரி ஒத்துக்கொண்டார். உளியையும் அளவு நூலையும் எடுத்துக்கொண்டு என்னோடு சாத்தையா வீட்டுக்கு வந்தார். வைத்தியர் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார். இனி இறங்கப்போகிறவன் ராக்குவின் தம்பி என்று அதற்குள் பேசி வைத்திருந்தார்கள். அவன் சுவரோரம் நின்றான். ஆசாரி சாத்தையாவின் நல்ல காலையும், அந்தத் தம்பியின் கால்களையும் நூல் வைத்து அளந்தார். பிறகு, "தூணுல என்ன வெட்டணும்? அந்த அம்மா பேரா, இல்ல உம்ம பேரா?" என்று கேட்டார்.

சாத்தையா யோசிக்கவே இல்லை.

"யாரு பேருன்னாலும் சரிதான். ஆழமா வெட்டுங்க. கால் புடிக்கணும்."